காப்பிக்குப் பதினஞ்சு நிமிசம்

கைய எடுங்கம்மா. நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்கதுல ஒண்ணும் தெரியாது. கை பொய் சொல்லும், தெர்மாமீட்டர் பொய் சொல்லாது. அதுக்குத்தான என்னைய வேலைக்கு வச்சிருக்கிய. நான் பாத்துச் சொல்லுதேன்.

ஆனா இப்பப் பாக்க முடியாது. அந்தா, கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல டம்ளர் காலியாக் கெடக்கு பாருங்க. அடியில காப்பி இன்னும் காயல. சூடாக் குடிச்ச வாயில உடனே கொண்டுபோய் வச்சா அது காப்பியோட சூட்டத்தான் காட்டும், சாரோட சூட்டக் காட்டாது. பதினஞ்சு நிமிசம் போகணும். இப்ப மணி நாலு அஞ்சு. நாலு இருபதுக்கு வைப்போம். அதுக்குள்ள ஒண்ணும் குடிமுழுகிப் போயிராது.

என்னம்மா? இருங்க, நான் சொல்லி முடிச்சிருதேன்.

இப்படி உக்காருங்க. சார் தூங்கட்டும். சுகர்ல கால் விரல எடுத்து நாலு நாளுதான் ஆகுது, தூக்கம் வரத்தான் செய்யும். நான் வந்ததும் மொத வேலையா என்ன பண்ணுனேன்? கை கழுவினேன், டிஸ்சார்ஜ் சீட்ட வாங்கி வாசிச்சேன். காய்ச்சல் நூத்தி ஒண்ணுக்கு மேல போனா அந்த நிமிசமே கூட்டிட்டு வரணும்னு எழுதி அடியில கோடு போட்டிருக்கு. புண்ணுல இருந்து ரத்தத்துக்கு ஏறிட்டுன்னா பொறவு மனுசன் கையில நிக்க மாட்டாரு, அதுக்குத்தான் கோடு. அந்த நூத்தி ஒண்ண நீங்க கையால கண்டுபிடிச்சிருவியளா? மாட்டிய. அதுக்கு இது வேணும். பாருங்க, கண்ணாடி தெர்மாமீட்டர், என் சொந்தம். இந்த டிஜிட்டல் எழவுல எனக்கு நம்பிக்கை கெடையாது. பீப் பீப்னு கத்தும், ஆளுக்கு ஒரு நம்பர் காட்டும்.

நான் உள்ள வரும்போதே கேட்டியல்லா, அம்புட்டு பெரிய ஆஸ்பத்திரிய விட்டுட்டு எதுக்கு சிஸ்டர் இப்படி வீடு வீடா வாறியன்னு. என்னைய அனுப்புன ஏஜென்சிக்காரன் உங்ககிட்ட என்ன சொன்னானோ தெரியாது. அவன் வாயி சரியில்ல. நானே சொல்லிருதேன். பதினஞ்சு நிமிசம் கெடக்குல்லா.

ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். இருபத்தாறு வருசம் அங்கன வேலை பாத்தேன். கடைசி ஒம்பது வருசம் கேன்சர் வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். ரெத்தினபாய் சிஸ்டர்னா டாக்டர்மாரே கொஞ்சம் குரலத் தாழ்த்துவாக. பெருமைக்குச் சொல்லல. நான் பாத்து எழுதுன நம்பர ஒருத்தரும் ரெண்டாவது தடவ பாத்தது கெடையாது. சிஸ்டர் எழுதிட்டாங்களா, சரின்னு போயிருவாக.

எப்படி வந்துச்சு அந்தப் பேரு? சட்டம்மா, சட்டம். என் வார்டுல ஒரு சட்டம் உண்டு. வாயில தெர்மாமீட்டர் இருக்கும்போது அந்தக் கட்டில் பக்கம் ஒருத்தரும் பேசக் கூடாது. வைக்கதுல இருக்கு சூட்சுமம். நாக்குக்கு அடியில, நடுவுல இல்ல, ஒரு ஓரமா, அந்தக் குழியில வைக்கணும். உதட்ட மூடணும், பல்லால கடிக்கக் கூடாது. மூக்கு வழியாத்தான் மூச்சு. மூணு நிமிசம் முழுசா. நடுவுல யாராவது என்னத்தையாவது கேட்டு, சீக்காளி வாயத் தொறந்து பதில் சொன்னாருன்னா முடிஞ்சுது, ஒரு டிகிரி எறங்கிரும். நான் வேலைக்குச் சேந்த ரெண்டாம் வருசம் ஒருத்தரு வாயில வச்சிட்டு நிக்கேன், அவரு மச்சான் என்னமோ கிண்டல் பண்ணிட்டான். இவரு சிரிச்சாரு. கடக்குனு ஒரு சத்தம். வாயெல்லாம் கண்ணாடி, ரத்தம், பாதரசம் உருண்டு உருண்டு தலகாணியில ஓடுது. நல்லவேளை முழுங்கல. என்னைய மேட்ரன் ஏசுன ஏச்சு இருக்கே, அது மூணு தலமுறைக்குக் காணும்.

அன்னையிலருந்து இந்த ஒத்த விரல்தான். இப்படித் தூக்கிட்டேன்னா வார்டே கப்சிப். சின்னப் புள்ளைக எனக்குப் பின்னாடி ஒத்த விரல் சிஸ்டர்னு சொல்லிச் சிரிப்பாளுகளாம். சிரிச்சிட்டுப் போறாளுக.

இல்லம்மா, எந்திரிக்காதிய. சார் முனகத்தான் செய்வாரு, கால் வலிக்கும்லா. மணி நாலு எட்டுதான். இருங்க, என்ன சொல்ல வந்தேன்? ஆங், கோமு.

போன ஐப்பசியில சண்முகவேல்னு ஒருத்தரக் கொண்டு வந்து சேத்தாக. கல்லிடைக்குறிச்சிக்காரரு, நாப்பத்தி ஒரு வயசு, மெக்கானிக்கு. ரத்தத்துல கேன்சர். கூட அவரு பெண்டாட்டி, கோமதின்னு பேரு, எல்லாரும் கோமுன்னு கூப்பிடுவாக. அப்பளம் போடுதவ. மழைக்காலத்துல அப்பளம் காயாது, அதனால அவளும் வேலையில்லாம வார்டுலயே கெடந்தா. ஒரு நிமிசம் அவரு பக்கத்த விட்டு நகர மாட்டா. எந்நேரமும் அவரு நெத்தியில, கழுத்துல கை. உங்களப் போலத்தான்.

அவருக்கு கீமோ ஏத்தி ஒரு வாரம் இருக்கும். பெரிய டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. சிஸ்டர், இவருக்கு ரத்தத்துல வெள்ள அணு சுத்தமா எறங்கிட்டு. கிருமி வந்தா எதுத்து நிக்க ஒண்ணும் கெடையாது. சீழ் வைக்காது, இருமல் வராது, காய்ச்சல் ஒண்ணுதான் நமக்கு அடையாளம். நூறு பாயிண்ட் நாலத் தொட்டா எனக்கு போன் அடிங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து ஏறணும், இல்லன்னா ஆள் தங்க மாட்டாருன்னாரு. நான் சார்ட்ல செவப்பு மையில எழுதி வச்சேன். கோமுகிட்டயும் சொன்னேன். நான் சொல்லலன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.

இன்னொண்ணும் இருந்துச்சு. கீமோவுல அவரு வாயெல்லாம் வெந்து புண்ணு. எச்சி முழுங்க முடியாது. ஐஸ் துண்டு வாயில வச்சுச் சப்புங்க, எரிச்சல் அடங்கும்னு டாக்டர்தான் சொன்னாரு. கோமு ஒரு சின்னத் தூக்குவாளியில ஐஸ் வாங்கி வச்சிக்கிட்டு, ஒண்ணு கரைஞ்சா இன்னொண்ணுன்னு வச்சு விட்டுட்டே இருப்பா. அதுல தப்பில்ல. ஆனா ஐஸ் வச்ச வாயில தெர்மாமீட்டர் வைக்கலாமா? கூடாதுல்லா. காப்பிக்கு எப்படியோ அதே கணக்குத்தான் ஐஸுக்கும். இது நர்சிங் மொத வருசப் பாடம். நான் பரீட்சையில எழுதி வாங்குன மார்க்கு எனக்கே ஞாபகம் இருக்கு. பத்துக்குப் பத்து.

அன்னைக்கு செவ்வாக்கெழம. வெளிய மழை கொட்டுது. காலையில பத்து மணிக்கு ரவுண்டு ஆரம்பிச்சேன். இருவத்திரெண்டு கட்டிலு. சண்முகவேல் கிட்டப் போனேன். கோமு எந்திரிச்சா. சிஸ்டரம்மா, உடம்பு கொதிக்கி, இப்பத்தான்னு ஆரம்பிச்சா. நான் அவரு வாயில வச்சாச்சு. வச்சாச்சுல்லா? விரலத் தூக்கினேன். அவ கப்புனு வாய மூடிட்டா. மூணு நிமிசம், என் வாட்சுல பாத்தேன். எடுத்தேன், தொண்ணூத்தெட்டு பாயிண்ட் ரெண்டு. காய்ச்சல் இல்லம்மான்னேன். இல்ல சிஸ்டரம்மா, கை வச்சா சுடுதேன்னா. கை பொய் சொல்லும்மான்னேன். அவளுக்கு மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு. அப்பளத்தத் தொட்டுப் பாத்து வெயில் போதுமா போதாதான்னு சொல்லுத கை சிஸ்டரம்மா இதுன்னா. பாத்தியளா தைரியத்த. அப்பளமும் மனுசனும் ஒண்ணா? பொறவும் என்னமோ சொல்ல வந்தா, நான் அதுக்குள்ள அடுத்த கட்டில்ல வச்சிட்டேன். அங்கயும் பேசக் கூடாதுல்லா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மறுபடி போனேன். இந்தத் தடவ அவ வாயே தொறக்கல, புத்தி வந்துட்டுன்னு நெனச்சேன். நான் வச்சதும் அந்தத் தூக்குவாளிய எடுத்து இப்படித் தூக்கித் தூக்கிக் காட்டுதா. வாளியக் காட்டுதா, அவரு வாயக் காட்டுதா. எனக்கு ஒண்ணும் புரியாம இல்ல. ஐஸ் தீந்து போச்சு, பாவம். ரவுண்டு முடிஞ்சதும் ஆயாவக் கூப்பிட்டு, கேன்டீன்ல சொல்லி அந்த வாளி நெறைய ஐஸ் வாங்கிக் குடுன்னேன். கேட்டியளா, அவ்வளவு அக்கறையாப் பாத்தவ நான். ரெண்டு மணிக்கு தொண்ணூத்தெட்டு.

சாயங்காலம் ஆறு மணிக்கு தொண்ணூத்தி ஏழு பாயிண்ட் எட்டு. அவரு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மழைக் குளிரு, ஃபேன நிறுத்துங்கன்னேன். கோமு அழுதா. இப்ப எதுக்கு அழுக, நம்பர் எறங்கிட்டுல்லா வருதுன்னேன். நல்ல வார்த்ததான சொன்னேன்? ஏழு மணிக்கு டாக்டர் வந்தாரு. சார்ட்டப் பாத்தாரு, மூணு நம்பரும் நேர்கோடாக் கெடக்கு. குட் சிஸ்டர்னுட்டுப் போயிட்டாரு. டாக்டர் ரவுண்டுல கூட இருக்கவங்க பேசுத வழக்கம் எங்க வார்டுல கெடையாது. கோமு சுவத்தோரமா வாளியப் பிடிச்சிக்கிட்டு நின்னா.

நம்பர் நல்லா இருக்குன்னு ராத்திரி ஆரும் எழுப்பிப் பாக்கல. விடிஞ்சு ஆறு மணிக்கு பெனிட்டான்னு ஒரு சின்னப் புள்ள, மூணு மாசம்தான் ஆச்சு வேலைக்கு வந்து, அவ பாக்கப் போயிருக்கா. அவரு கையும் காலும் பச்சத் தண்ணியா இருக்கு, பிரஷர் கெடைக்கல. வாய் தொறக்க முடியாததனால அக்குள்ல வச்சிருக்கா. நூத்தி மூணு பாயிண்ட் ஆறு. நான் டூட்டிக்கு வரும்போது ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிட்டுப் போறாக. கட்டில் காலியாக் கெடக்கு, அந்த ஸ்டூல் மேல வாளி, அதுல நான் வாங்கிக் குடுத்த ஐஸ் கரைஞ்சு தண்ணியாக் கெடக்கு. மூணாம் நாள் போயிட்டாரு.

என்னம்மா? விரலத் தூக்கிட்டேன்லா, ஒரு நிமிசம் இருங்க. நாலு பதினாலுதான் ஆச்சு. கதையச் சொல்லவிடாம ஊடால ஊடால வந்தா எனக்குத் தொடுப்பு விட்டுப் போயிரும். நல்ல கட்டத்துல நிக்கி. நீங்க சொல்லுததக் கேக்காம எங்க போகப் போறேன்? எட்டு மணி வரைக்கும் இங்கனதான கெடக்கப் போறேன்.

விசாரணை வச்சாக. ஆபீஸ் ரூம்ல நிர்வாகி, மேட்ரன், பெரிய டாக்டர், நான். எதுத்தாப்ல கோமுவும் அவ அண்ணனும். கோமுவோட நெத்தி வெறுமையா இருந்துச்சு. பாக்க முடியல, சொல்லிருதேன், நானும் மனுசிதான். டாக்டர்தான் ஆரம்பிச்சாரு. ஐஸ் வச்சிருந்தியளாம்மா அன்னைக்குன்னாரு. ஆமான்னா. சிஸ்டர் பாக்கும்போது வாயில ஐஸ் இருந்துச்சான்னாரு. மூணு தடவையும் இருந்துச்சு, கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்தாகன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் எந்திரிச்சுக் கேட்டேன். ஏம்மா, அத ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னியா? கர்த்தருக்குப் பொதுவாச் சொல்லு, சொன்னியான்னேன்.

அவ என்னையப் பாத்தா. பொறவு தன் வலது கையத் தூக்கி, இந்த ஒத்த விரல, இப்படி, இதே மாதிரி காட்டினா. அவ்வளவுதான். ரூம்ல எல்லாரும் என் கையப் பாத்தாக. மேட்ரன் பாத்தா, டாக்டர் பாத்தாரு, அந்த அண்ணன்காரன் பாத்தான். நான் கைய மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டேன். தப்புப் பண்ணாதவ எதுக்கு இழுக்கணும்?

நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க சிஸ்டர், மரியாதையா இருக்கும்னாக. இருபத்தாறு வருசத்துக்கு மரியாதை. நான் அழல. வீட்டுக்கு வந்துதான் அழுதேன். அவருக்காக அழுதேனா எனக்காக அழுதேனான்னு கேட்டா இன்னைக்கும் பதில் தெரியாது. பெனிட்டா என் வீட்டுக்கு வந்தா, பாக்க. வந்தவ சும்மா போகாம, ஐஸ் குடுத்தியளான்னு நீங்க கேட்டிருக்கலாம்லா சிஸ்டர்னா. மூணு மாசத்துப் புள்ள! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏட்டி, இருவத்திரெண்டு கட்டில்லயும் நின்னு நின்னு, ஐயா என்ன சாப்பிட்டிய, அம்மா என்ன குடிச்சியன்னு கேட்டுக்கிட்டு நின்னா என் ரவுண்டு எப்ப முடியும்? அவுகதான் சொல்லணும். வாய் இருக்குல்லா அவுகளுக்கு. அப்படித்தான் கேட்டேன். அவ காப்பியக் கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டா.

ஒண்ணு மட்டும் உங்ககிட்டச் சொல்லுதேன். விசாரணையில சொல்லல, யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்கு ரெண்டு மணிக்கு அவரு வாயில இருந்து தெர்மாமீட்டர எடுத்தேன் பாருங்க, அப்ப அந்தக் கண்ணாடி சில்லுனு இருந்துச்சு. மனுசன் வாயில மூணு நிமிசம் கெடந்த கண்ணாடி கதகதன்னுல்லா இருக்கணும்? இது சில்லுனு இருந்துச்சு. என் விரலுக்குத் தெரிஞ்சுது. ஆனா பாதரசம் தொண்ணூத்தெட்டுல நிக்கி. கை பொய் சொல்லும்னு நம்பரையே எழுதிட்டேன். கோயில்ல ஜெபத்துக்கு எல்லாரும் கண்ண மூடி அமைதியா நிக்கும்போது, இன்னும் அந்தச் சில்லு இந்த ரெண்டு விரலுக்கும் நடுவுல வந்து உக்காந்துக்கிடுது. கைய உதறுவேன், போகாது.

ஆனா நான் பாடம் படிச்சிட்டேம்மா. அதான் உங்க டம்ளரப் பாத்ததும் சொன்னேன், பதினஞ்சு நிமிசம்னு. வேற நர்சா இருந்தா வந்ததும் வாயில திணிச்சிருப்பா. நான் கண்ணால பாத்தேன், புரிஞ்சிக்கிட்டேன், நிறுத்துனேன். இனிமே என் கையால அப்படி ஒரு தப்பு நடக்காது. நடக்க விட மாட்டேன்.

நாலு பத்தொம்பது. வாங்க. இந்தா பாருங்க, இப்படி மணிக்கட்ட வீசி உதறணும், பாதரசம் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போற வரைக்கும். சரி. சார், எந்திரிங்க. வாயத் தொறங்க, நாக்க மேல தூக்குங்க. சார்? பரமசிவன் சார்? உங்க வீட்டுக்காரரு நல்லாத் தூங்குதாரேம்மா. சார்!

கண்ணத் தொறக்காரு, ஆனா என்னையப் பாக்கல. சார், இங்கன பாருங்க, நான் ஆரு? என்னமோ உளறுதாரே. இப்படி இருக்கவங்களுக்கு வாயில வைக்கக் கூடாது, கடிச்சிருவாக. கையத் தூக்குங்கம்மா, சட்டப் பித்தான அவுத்து விடுங்க, அக்குள்ல வைப்போம். யப்பா, என் ஏசப்பா, என்ன இப்படிக் கொதிக்கி. எப்ப இருந்து இப்படிக் கெடக்காரு?

காலையில இருந்தா?

காலையில இருந்து ஒரு வாய் தண்ணி கூட உள்ள போகலியா? அப்ப காப்பி? இந்த டம்ளர்? ஏம்மா, அழாமச் சொல்லுங்க, இந்தக் காப்பிய ஆரு குடிச்சா?

நீங்களா?

நூத்தி மூணு. இன்னும் வச்சு முழுசா நேரம் ஆகல, அதுக்குள்ள நூத்தி மூணு தாண்டி ஏறுது. நிக்காதிய, ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க, வெரசா. அந்தச் சீட்ட எடுங்க, டாக்டர் நம்பர் அதுல இருக்கு. ஈரத் துணி கொண்டாங்க. மூச்சு வேகமா வாங்குதாரு. சார், சார், தூங்கக் கூடாது, என்னையப் பாருங்க.

ஏம்மா, அந்தக் காப்பி நான் குடிச்சது. நாலு வார்த்த. அந்தக் காப்பி நான் குடிச்சதுன்னு நாலு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்த ஒடனேயே பாத்திருப்பேன்லா? இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்திருப்பாருல்லா? கால் மணி நேரமா என் பக்கத்துலதான உக்காந்திருக்கிய, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?

என்ன? எதுக்கு அப்படி என் கையப் பாக்கிய?